கருப்பனுக்குச் சுருட்டு, கடைக்காரருக்குப் பட்டியல்

ஆவியோடு பேச வேண்டுமா, முதலில் அதற்குப் பிடித்த பிசினைக் கண்டுபிடி. ஜீயபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை காவிரிக்கரையில் குறி கேட்கப் போகிறவர்களின் காதில் இன்று விழும் முதல் பாடம் இது. எலுமிச்சம்பழமும் வெற்றிலை பாக்கும் எழுதிக் கொடுத்த சீட்டில் இப்போது குங்கிலியமும் குக்குலுவும் அகில் கட்டையும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. சொல்கிறவருக்குச் சந்தேகம் இல்லை. கேட்கிறவருக்கு அதைவிட இல்லை.

இந்தக் கருத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தெய்வத்துக்கும், கிரகத்துக்கும், இறந்துபோனவரின் ஆவிக்கும் தனித்தனி வாசம் உண்டு. வசியம் முதல் மாரணம் வரை எட்டுக் கருமங்களுக்கும் தனித்தனிப் புகை உண்டு. சரியான பிசின் போட்டால் அழைத்தது வரும். தப்பான பிசின் போட்டால் வராது, அல்லது அழைக்காதது வரும். இது முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துக் கண்டது. வாசனை மூளையைத் தொடுகிறது என்று விஞ்ஞானமும் சொல்லிவிட்டது. ஆகவே பிசின் தேர்வு பாதி சடங்கு. அரிய பிசின் கிடைத்தால் முழுப் பலன்.

இதை நம்புகிறவர்கள் ஏமாளிகள் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போட்டதும் வீட்டின் காற்றே மாறுவதை உணர்ந்தவர்கள். அந்த உணர்வோடு எனக்குச் சண்டை இல்லை. ஆவி உண்டா இல்லையா என்ற வழக்கையும் இங்கே எடுக்கப்போவதில்லை. உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தப் பட்டியல் நிற்காது. காரணங்கள் எட்டு.

1. பட்டியலில் இருக்கும் சரக்கு எது?

குங்கிலியம் வாங்கி வரச் சொல்கிறார்கள். எந்தக் குங்கிலியம்? வட இந்தியச் சால மரத்தின் பிசின் குங்கிலியம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வேறொரு பெருமரத்தின் வெளிறிய பிசினும் குங்கிலியம். அதே மலையின் கருங்குங்கிலிய மரம் வடிக்கும் கறுத்த பிசினும் குங்கிலியம். இந்த மூன்றாவதை நீலகிரியில் சேகரிக்கும் பழங்குடியினர் சாம்பிராணி என்றே சொல்கிறார்கள். பறங்கிச் சாம்பிராணியோ சாம்பிராணி மரத்துக்கு உறவே இல்லாத இன்னொரு மரத்தின் பால்.

தசாங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிவேர், லவங்கம், வெள்ளைக் குங்கிலியம், ஜாதிக்காய், மட்டிப்பால், சந்தனத்தூள், நாட்டுச் சர்க்கரை, திருவட்டப்பச்சை, சாம்பிராணி, கீச்சிலிக்கிழங்கு என்று ஒரு நாட்டு மருந்துக் கடையில் பத்து சொல்வார்கள். அடுத்த கடையில் இரண்டு சரக்கு மாறும். அம்மன் இரண்டு கடைக்கும் பொது. மரம் மாறினாலும் கடை மாறினாலும் கண்டுகொள்ளாத தெய்வம், பிசின் மாறினால் மட்டும் கோபித்துக்கொள்ளுமா?

2. ஆதியிலிருந்து என்றால் எந்த ஆதியிலிருந்து?

சாம்பிராணி நம் மண்ணில் விளைந்ததில்லை. சுமத்திராவிலும் லாவோஸிலும் மரப்பட்டையைக் கீறி, கசிந்து இறுகியதைச் சுரண்டி எடுத்து அனுப்புகிறார்கள். சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன பழந்துறை. அதன் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. கப்பலில் வந்தவர்கள் கஸ்தூரி விலைக்குத் தக்கபடி பொன் செலுத்த வேண்டும் என்ற கணக்கு அதில் வருகிறது. நம் பூசையறையின் மணம் கடல் தாண்டிய வியாபாரத்தில் வந்த மணம் என்பதற்கு இதைவிடப் பழைய ரசீது வேண்டுமா?

சாம்பிராணியாவது பல நூற்றாண்டுப் பழக்கம். கருப்புக்கும் முனிக்கும் நம் ஊர்களில் வைக்கும் புகை எது? சுருட்டு. அதுவும் இந்த வட்டாரத்துச் சரக்கு. உறையூரில் சுற்றிய திருச்சிச் சுருட்டு வெள்ளைக்காரன் காலத்தில் உலகம் சுற்றியது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே அதன் சாம்பல் துப்பாக வருகிறது. ஆனால் புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பல் வருவதற்கு முன் இந்தியாவில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அதற்கு முன் கருப்பணசாமிக்கு என்ன புகை வைத்தார்கள்? அதுவரை அவர் இறங்காமலா இருந்தார்?

விடை எளிது. ஊர்க்காவல் தெய்வம் ஊரோடு வாழ்கிறது. ஊர் ஆண்கள் சுருட்டுப் பிடித்தார்கள், சாமிக்கும் ஒன்று வைத்தார்கள். புகையைத் தேர்ந்தெடுத்தது ஊர், சாமி ஏற்றுக்கொண்டது. இதைத் தலைகீழாகப் புரட்டி, சாமி தேர்ந்தெடுத்தது போலவும் நாம் கீழ்ப்படிவது போலவும் எழுதியதுதான் பட்டியல்.

3. யார் கை எழுதியது?

சித்தர்கள் பேரில் அச்சாகிவரும் மாந்திரீக நூல்களில் எட்டுக் கருமங்களுக்கும் திசை, ஆசனம், மாலை, மலர், உலோகம் என்று வரிசை உண்டு. ஆனால் சனிக்கு இன்னது, சுக்கிரனுக்கு இன்னது எனக் கட்டம் போட்டு இன்று கைமாறும் பிசின் அட்டவணையின் நடையில் வேறொரு குடும்பச் சாயல் தெரிகிறது. ஜெர்மானியரான அக்ரிப்பா 1533-இல் முழுதாக வெளியிட்ட மறைஞான நூலில் கிரகத்துக்கு ஒரு தூபம் என்று பட்டியல் இருக்கிறது. ஆங்கிலேயரான அலெய்ஸ்டர் கிரௌலி 1909-இல் 777 என்ற பெயரில் ஒரு முழு நூலையே அட்டவணையாகப் போட்டார். அவை அவர்கள் ஊர்ச் சிந்தனை. அதில் குற்றம் இல்லை. அந்தச் சாயலில் கட்டம் போட்டுவிட்டு அகத்தியர் கையெழுத்தைப் போடுவதுதான் குற்றம்.

நம் பக்கத்தில் வாசனையைப் பற்றி நுட்பமாக எழுதியவர் ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர். பிருகத் சம்ஹிதையில் வாசனைக் கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார். 16 சரக்குகளிலிருந்து நான்கு நான்காக எடுத்தால் 1,820 கலவைகள் வரும் என்று கணக்குப் போட்டார். கூந்தலுக்கும் துணிக்கும் அறைக்கும் மணமூட்டும் கலை அது. கலந்து பார், முகர்ந்து பார், பிடித்ததை வைத்துக்கொள் என்று கையைக் கட்டவிழ்த்து விடுகிற கணக்கு. 1,820 வழி திறந்து வைத்த மரபின் பேரைச் சொல்லி ஒரே ஒரு வழியை விற்பது எப்படி நியாயம்?

4. மூளை ஆராய்ச்சியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

பறங்கிச் சாம்பிராணி வகைப் பிசினில் உள்ள இன்சென்சோல் அசிட்டேட் என்ற பொருள் மூளையில் வேலை செய்கிறது என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் அது எலிகளில் நடந்த ஆய்வு. பிரித்தெடுத்த பொருளை அளந்து உடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. அவ்வளவுதான் செய்தி. நாம் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணியில் அந்தப் பொருளே கிடையாது. அது வேறு மரம், வேறு இரசாயனம்.

பிசின் மனிதனைச் சாந்தப்படுத்தும் என்றே ஒப்புக்கொள்வோம். அது மனிதனைப் பற்றிய உண்மை. அதிலிருந்து ஆவியின் விருப்பு வெறுப்புக்கு எப்படித் தாவினீர்கள்? முகர்கிறவனின் மூளை மாறுகிறது என்றால் தேர்வை முகர்கிறவனை வைத்துத்தான் செய்ய வேண்டும். நீங்கள் அழைத்துவந்த சாட்சி எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்கிறது.

5. குங்குலியக்கலயர் யார் பக்கம்?

இங்கே ஒரு துருப்புச் சீட்டு வரும். கட்டிய மனைவி அரிசி வாங்கக் கொடுத்த தாலியைக் குங்கிலியத்துக்கு மாற்றிய திருக்கடவூர் நாயனாரை மறந்தீர்களா என்பார்கள். மறக்கவில்லை. அவர் குங்கிலியப் புகையிட்டது எதையும் வரவழைக்க அல்ல. அது அவர் ஏற்றுக்கொண்ட தொண்டு. பசியிலும் நிறுத்தவில்லை என்பதுதான் கதை. திருப்பனந்தாளில் சாய்ந்திருந்த லிங்கத்தை அரசனின் யானைகளால் நிமிர்த்த முடியவில்லை. கலயர் வந்து நிமிர்த்தினார். எதைக் கொண்டு? புகையைக் கொண்டல்ல, தன் கழுத்தில் கட்டி இழுத்த கயிற்றைக் கொண்டு. பிசினின் சக்திக்கு உதாரணம் தேடுகிறவர்கள் வேறு நாயனாரைப் பார்க்கட்டும்.

ஜீயபுரத்துக்காரர்களுக்கு இன்னொரு கதையும் தெரியும். காவிரியில் அடித்துப்போன பேரனை ரங்கா ரங்கா என்று கதறி அழைத்த கிழவிக்காக, அரங்கனே பேரன் உருவில் வந்து பழையதும் மாவடுவும் சாப்பிட்ட கதை. அதை நினைத்துத்தான் பங்குனித் திருநாளில் நம்பெருமாள் இன்றும் ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிறார். அந்தக் கிழவி அடுப்பில் போட்ட பிசின் எது என்று யாரும் கேட்டதில்லை. அழைத்தது கதறல், படைத்தது வீட்டில் இருந்தது.

புத்தூர் குழுமாயி அம்மன் கோயிலில் மாசியில் நடக்கும் குட்டி குடித்தல் திருவிழாவைப் பார்த்தவர்களையும் கேளுங்கள். தோள்மேல் ஏறிவரும் மருளாளிக்கு அருள் வந்ததைத் திரண்டு நிற்கும் கூட்டம் சொல்லும், நாள் சொல்லும், நேர்ந்துகொண்டவர்கள் நீட்டும் ஆட்டுக்குட்டிகள் சொல்லும். தூபக்காலில் எந்த மரத்துப் பிசின் என்பதைச் சொல்ல அங்கே ஆள் தேட வேண்டியிருக்கும்.

6. அரிதானது பெரிது என்பது சந்தைக் கணக்கு

ராஜஸ்தானிலும் குஜராத்திலும் வளரும் குக்குலுச் செடி, அளவு மீறிக் கீறிப் பால் எடுத்தே அழிவின் விளிம்புக்குப் போய், அழிந்துவரும் உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் மிக மோசமான நிலையில் இருக்கிறது. அகில் மரத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1995 முதல் கட்டுப்பாடு உண்டு. அரிய பிசினுக்குத்தான் ஆவி மசியும் என்கிறவர்கள், மரம் அழிய அழியத் தங்கள் வித்தை பலம் பெறுகிறது என்று சொல்லாமல் சொல்கிறார்கள். கடைசிச் செடியும் பட்டுப்போன பிறகு ஆவிகள் எங்கே போகும்?

7. தோற்கவே முடியாத வித்தை வித்தையா?

இந்தப் பட்டியலின் உண்மையான வேலை பூசைக்கு முன்பு அல்ல, பூசைக்குப் பின்பு தொடங்குகிறது. காரியம் நடந்தால் பிசினின் மகிமை. நடக்காவிட்டால், "பிசின் சுத்தமில்லை தாயி, அதான் இறங்கல. கலப்படத்தை வாங்கியாந்துட்டே. அடுத்த அமாவாசைக்கு நானே வரவழைச்சுத் தர்றேன், பணத்தை மட்டும் கட்டிடு." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர்கள் கூடத்துக்குப் பதிலாகக் குங்கிலியத்தைக் கோணல் என்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் அழகைப் பாருங்கள். மந்திரவாதி தோற்பதில்லை, மந்திரம் தோற்பதில்லை, பட்டியல் தோற்பதில்லை. தோற்பது எப்போதும் வாங்கி வந்தவள். கடன் வாங்கியவளும் அவளே, குற்றம் சுமப்பவளும் அவளே. எந்த முடிவு வந்தாலும் சரி என்று சொல்லத் தெரிந்த ஒரு விதி, எதையும் சொல்லாத விதி.

பணம் போனால் சம்பாதிக்கலாம். நாள் போனால்? ஆவி பிடித்ததாகச் சொல்லி அழைத்துவரப்படுகிறவர்களில் மனநோயாளிகள் இருக்கிறார்கள், வலிப்பு நோயாளிகள் இருக்கிறார்கள், பிரசவத்துக்குப் பின் மனம் கலங்கிய பெண்கள் இருக்கிறார்கள். இந்தப் பிசின் இல்லை, அந்தப் பிசின் என்று ஒவ்வொரு அமாவாசையாகத் தள்ளிக்கொண்டே போனால் மருத்துவமும் அதே கணக்கில் தள்ளிப்போகும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, குணமாக வேண்டிக் கொண்டுவந்து விடப்பட்ட 28 மனநோயாளிகள் தீயில் செத்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. சங்கிலி இடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது.

கோயிலுக்கே போகக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள்; நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தனிப்பட்ட குணப்படுத்தும் சடங்கு எதையும் ஆய்வாளர்கள் அங்கே காணவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழல்தான் காரணம் என்றார்கள். ஜீயபுரத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் முசிறிச் சாலையில் குணசீலம். மனம் பேதலித்தவர்கள் ஒரு மண்டலம், 48 நாள், அங்கே தங்குகிறார்கள். முகத்தில் தெளிப்பது தீர்த்தம். தண்ணீர். அங்கே யாரும் பிசின் சீட்டு நீட்டுவதில்லை.

8. புகை கடைசியில் எங்கே போகிறது?

ஆவியின் மூக்கைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், அறையில் இருக்கும் மனிதர்களின் நெஞ்சைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஊதுவத்தி வகைகள் எரியும்போது கிராமுக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வெளிவருகிறது, சிகரெட்டில் இது 10 மில்லிகிராம் என்று 2008-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை கணக்குச் சொல்கிறது. அதே ஆண்டு வெளியான சிங்கப்பூர் ஆய்வு, 61,320 சீனர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வீட்டில் நெடுங்காலம் ஊதுவத்தி எரித்தவர்களுக்கு மேல் சுவாசப் பாதையில் ஒரு வகைப் புற்றுநோய் கூடுதலாக வந்தது.

ஆவிச் சடங்கு நடக்கும் அறையை நினைத்துப் பாருங்கள். கதவு சாத்தியிருக்கும். சன்னலில் துணி அடைத்திருக்கும். பிடித்து உட்காரவைத்த பெண்ணின் முகத்தைத் தூபக்காலுக்கு நேராகக் குனிய வைப்பார்கள். சில இடங்களில் தணலில் காய்ந்த மிளகாயும் விழும். அவள் இருமினால் ஆவி துடிக்கிறது, மூச்சுத் திணறினால் ஆவி போகிறது, மயங்கி விழுந்தால் போயே விட்டது. இதற்குப் பிசின் எதுவானால் என்ன?

அப்படியானால் எதையும் போடலாமா?

கேள்வி நியாயமானது. எதையும் போடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆவியைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது என்கிறேன். பொருளைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். நல்ல சாம்பிராணிக் கட்டியை உடைத்தால் பழுப்புக்கு நடுவே பாதாம் பருப்பைப் போல வெள்ளைத் துண்டுகள் பதிந்திருக்கும். தணலில் போட்டதும் முதலில் உருகும், பிறகு வெண்புகை எழும். இனிப்பு வாசத்தோடு தொண்டையில் ஒரு சிறு கரகரப்பு. புகை கறுத்து, டர்பன்டைன் நெடி அடித்தால் மலிவுப் பிசின் கலந்திருக்கிறது. கப் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று விற்பதில் பெரும்பங்கு கரித்தூளும் மரத்தூளும் பசையும் செண்ட்டும். கொட்டாங்குச்சித் தணல் நன்றாகக் கனிந்து சாம்பல் பூத்த பிறகு சிட்டிகை போட்டால் போதும். தீ நாக்கு எழும் தணலில் போட்டால் பிசின் மணக்காது, கருகும். கதவு திறந்திருக்கட்டும். ஆஸ்துமாக்காரரும் கைக்குழந்தையும் அடுத்த அறையில் இருக்கட்டும். உங்கள் குலதெய்வத்துக்கு உங்கள் அப்பத்தா என்ன போட்டாரோ அதையே போடுங்கள், உங்களை உங்கள் ஆட்களோடு கட்டிப்போடும் வாசம் அதில்தான் இருக்கிறது. வழிபாட்டுக்கு இவ்வளவு தேர்வு போதும்.

இதற்கு மேல் ஒரு பட்டியலை யாராவது நீட்டினால், பணம் எண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் சொன்ன பிசினை, நீங்களே பார்த்து அசல் என்று ஒப்புக்கொண்ட பிறகு, நீங்களே தணலில் போட்டு, அப்படியும் காரியம் நடக்காவிட்டால், உங்கள் பட்டியல் தப்பு என்று ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவீர்களா? தருவேன் என்று எழுதிக் கொடுக்கிறவரிடம் நம்பி வாங்கலாம். மற்றவர்களிடம் வாங்குவது பிசின் அல்ல, அடுத்த சீட்டு.